94 கிலோ ஆளுக்குப் பெரிய எலக்ட்ரிக் டர்ட் பைக் எது?

செம்மண்தடம்:

வணக்கம் நண்பர்களே. சான் ஹோசேயில் இருக்கிறேன். வயது 41, உயரம் ஆறடி, எடை 94 கிலோ, ஹெல்மெட் பூட்ஸ் எல்லாம் மாட்டினால் 103 வரும். இரண்டு வருடமாக 57 கிலோ எடையுள்ள, 60 வோல்ட் பேட்டரி, 6 கிலோவாட் பீக் என்று போட்டிருக்கும் ஒரு சின்ன எலக்ட்ரிக் டர்ட் பைக் ஓட்டுகிறேன். அதில்தான் மண்ணில் ஓட்டவே கற்றுக்கொண்டேன், அந்த விதத்தில் அதன் மேல் எனக்குக் குறையே இல்லை.

ஆனால் இப்போது போதவில்லை. ஹாலிஸ்டர் ஹில்ஸ் மண் வண்டிப் பூங்காவில் செங்குத்தான ஏற்றங்களில் மெதுவாக ஏறும்போது பாதியிலேயே வேகம் தானாகக் குறைந்துவிடுகிறது, சின்னத் தாவலுக்கே முன் ஃபோர்க் அடி வரை இடிக்கிறது, நின்றுகொண்டு ஓட்டினால் ஹேண்டில்பார் முழங்கால் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருப்பதால் ஒரு மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்கிறது. பேட்டரியும் மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது.

சர்ரான் அல்ட்ரா பீ, ஸ்டார்ம் பீ, ஸ்டார்க் வார்க் என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பழைய ஆல்டா ரெட்ஷிஃப்ட் ஒன்றும் விற்பனைக்கு வந்திருக்கிறது. 9,000 டாலர் வரை யோசிக்காமல் போடுவேன், அவசியம் என்றால் 13,000 வரை போகலாம். வண்டி கொண்டுபோவது மினிவேனில், பின்னால் ஹிட்ச் (ட்ரெய்லர் மாட்டும் கொக்கி) உண்டு. ரேஸ் எல்லாம் இல்லை, மாதம் இரண்டு சனிக்கிழமை மலைப்பாதைதான். வாங்கினால் ஐந்து வருடமாவது மாற்றக் கூடாது. எதை எடுக்கலாம்?

காட்டுவழி_67:

நான் 88 கிலோ, இரண்டு சீசனாக அல்ட்ரா பீ வைத்திருக்கிறேன், நீங்கள் சொல்கிற அதே ஹாலிஸ்டரில்தான் பெரும்பாலும் ஓட்டுகிறேன். முதலில் ஒன்று சொல்கிறேன், பீக் கிலோவாட் எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள், அது சில நொடிகளுக்குக் கிடைக்கிற சக்தி, அதை உங்கள் எடையையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள். இப்போது உங்களிடம் இருப்பது 6 கிலோவாட், வண்டியும் நீங்களும் சேர்ந்து 160 கிலோ, அதாவது கிலோவுக்கு 37 வாட் சொச்சம். அல்ட்ரா பீ 12.5 கிலோவாட், 85 கிலோ, உங்களோடு 188, கிலோவுக்கு 66 வாட். ஸ்டார்ம் பீ 22.5 கிலோவாட், வண்டியே 125 கிலோவுக்கு மேல், கிட்டத்தட்ட 98 வாட் வரும். வார்க் 80 குதிரைத்திறன், ஏறத்தாழ 60 கிலோவாட், அது 260ஐத் தாண்டிப் போய்விடும். மரங்களுக்கு நடுவே வளைந்து போகிற பாதைக்கு 66 தாராளமாகப் போதும் என்பது என் அனுபவம், ஏற்றத்தில் ஒருநாளும் திணறியதில்லை.

பேட்டரியையும் அப்படியே யூனிட்டில் பாருங்கள், நம் வீட்டு மின்கட்டண யூனிட் தான். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வந்துவிடும். உங்களுடையது 60 வோல்ட், 40 என்றால் 2.4 யூனிட். அல்ட்ரா பீ 74 வோல்ட், 55, அதாவது 4 யூனிட். நான் ஏற்ற இறக்கம் கலந்து 28 மைல் வரை போய் 15 சதவீதத்தோடு திரும்பி வருகிறேன், அவசரப்பட்டு முறுக்கினால் 22 மைல் தான். அதற்கும் கீழே இறக்க வேண்டாம், பேட்டரி இறங்க இறங்க வோல்ட் தொய்ந்து கடைசி ஏற்றத்தில் வண்டி கனமாகத் தெரியும்.

ஆறடிக்கு அல்ட்ரா பீ சரியாக இருக்குமா என்றால், சீட் 36 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, உங்களுக்குக் காலும் எட்டும், நின்றால் முதுகும் நிமிரும். நான் ஹேண்டில்பாரை மட்டும் ஒரு அங்குலம் உயர்த்திக்கொண்டேன்.

வோல்ட்_விரும்பி:

அல்ட்ரா பீக்கு எதற்கு 6,500 டாலர் செலவு? இருக்கிற வண்டியிலேயே 72 வோல்ட் பேட்டரியும் பெரிய கன்ட்ரோலரும் (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போடுங்கள் ப்ரோ. பாதிச் செலவில் முடிந்துவிடும். என் தம்பி அப்படித்தான் போட்டிருக்கிறான், பறக்கிறது.

மீனா_ட்ரேசி:

வோல்ட்_விரும்பி தம்பி, 60 கிலோ ஆள் தட்டையான மண்ணில் ஓட்டினால் நீங்கள் சொல்வது சரியாக வரலாம். அண்ணா 103 கிலோவோடு மலை ஏறுகிறார். அவருடைய வண்டியில் வேகம் தானாகக் குறைவதற்குக் காரணம் சூடு. மோட்டார் மெதுவாகச் சுற்றி நிறைய இழுக்க வேண்டிய இடத்தில்தான் கரண்ட் உச்சத்துக்குப் போகும், கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பிச் சுருளில் சூடு நான்கு மடங்கு. அதைக் காப்பாற்றத்தான் கன்ட்ரோலர் சக்தியைக் குறைக்கிறது. அதே சின்ன மோட்டாருக்குள் இன்னும் அதிக சக்தியைத் திணித்தால் அந்த இடத்துக்கு இன்னும் சீக்கிரம் வந்து சேருவார். அப்புறம் பிரேக், ஃபோர்க், சக்கரம், ஃபிரேம் எல்லாம் அந்த வேகத்துக்குச் செய்ததில்லையே. உடனடி நிவாரணம் வேண்டும் என்றால் பின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தில், ஆறேழு பல் கூட்டிப் போடச் சொல்வேன், உச்ச வேகம் குறையும், ஏற்றத்தில் கரண்ட் குறையும். செலவும் மிகக் கொஞ்சம். அதற்கு மேல் அந்த வண்டியில் பணம் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான் ட்ரேசியில் இருக்கிறேன், கார்னகி பூங்கா இருபது நிமிடம். ஐந்தடி நாலு அங்குலம், 61 கிலோ. எட்டு வருடம் பெட்ரோல் 250 ஓட்டிவிட்டு ஒன்றரை வருடத்துக்கு முன்பு வார்க் எடுத்தேன். 80 குதிரையைக் கேட்டு மிரள வேண்டாம், அதைத் திரையில் 10 வரைக்கும் குறைத்து வைத்துக்கொள்ளலாம், எஞ்சின் பிரேக் மாதிரி பிடிக்கிற அளவையும் தனியாக வைக்கலாம். நான் பாதையில் 28, டிராக்கில் 40, அதற்கு மேல் போனதே இல்லை. மலைப்பாதைக்கு என்றால் அவர்கள் 2024 இறுதியில் அறிமுகப்படுத்திய இஎக்ஸ் மாடலைப் பாருங்கள், 7.2 யூனிட் பேட்டரி, பின் சக்கரம் 18 அங்குலம், கல்லுக்கும் வேருக்கும் அது நல்லது. பிரேக்கைப் பொறுத்தவரை பின் பிரேக்கைக் காலிலும் வைக்கலாம், இடது கையிலும் வைக்கலாம். நீங்கள் கைப் பிரேக்கில் பழகியவர், அப்படியே தொடரலாம்.

ஆனால் எடை. 120 கிலோ. இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. ஓடும்போது அந்த எடை தெரியவே தெரியாது, ஏற்றத்தின் நடுவே விழுந்து பள்ளத்தைப் பார்த்துப் படுத்துக்கிடக்கும்போதுதான் தெரியும். போன அக்டோபரில் ஒரு பள்ளத்தில் தனியாக மூன்று முறை தூக்கினேன், நாலாவது முறை கை நடுங்கி, வருகிறவர்கள் வரட்டும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் தனியாகப் போகிறவர் என்றால் 85 கிலோவுக்கும் 120 கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பணத்தை விடப் பெரிதாக எண்ணுங்கள்.

இன்னொன்று, மினிவேன் என்றீர்கள். பெரும்பாலான மினிவேன்களில் ஹிட்ச் மேல் நேராக இறங்கும் பாரத்துக்கு எல்லை 350 பவுண்ட். 120 கிலோ என்பது 265 பவுண்ட், பைக் தாங்கி இன்னொரு 60, 70. எல்லையை முட்டுகிறது, போதாததற்கு பாரம் வெளியே தள்ளித் தொங்குவதால் இழுவையும் கூடும். வார்க் எடுத்தால் சின்ன ட்ரெய்லருக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். அல்ட்ரா பீ என்றால் தாங்கியோடு 250 பவுண்ட் சுமாருக்குள் அடங்கும்.

கோவை_மண்:

கோயம்புத்தூரிலிருந்து. படிக்கவே ஆசையாக இருக்கிறது. இங்கே இந்த வண்டிகளுக்கு ஷோரூமும் கிடையாது, உதிரிப் பாகமும் கிடையாது, கொண்டுவந்தாலும் பதிவெண் இல்லாமல் ரோட்டில் ஒரு அடி ஓட்ட முடியாது. 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம், அதற்குள் இருந்தால்தான் பதிவு வேண்டாம் என்று விதி. நம் பக்கம் இப்போதைக்கு நம்பிக்கை தருவது பெங்களூர் அல்ட்ராவயலெட் 2025 மார்ச்சில் அறிவித்த ஷாக்வேவ் தான், 4 யூனிட் பேட்டரி, 14.5 குதிரை, 120 கிலோ, 1.75 லட்சம் எக்ஸ்-ஷோரூம் என்று சொன்னார்கள். பேட்டரியும் சக்தியும் அல்ட்ரா பீ அளவுதான், எடை மட்டும் 35 கிலோ கூட, ரோட்டுக்கும் சேர்த்துச் செய்கிறார்கள் இல்லையா. மீனா அக்கா, நம்ம சென்னை ராயல் என்ஃபீல்டின் தாய்க் கம்பெனி ஐஷர் 2022இல் அந்த ஸ்டார்க் கம்பெனியில் 5 கோடி யூரோ போட்டதே, அந்த வழியாக என்றைக்காவது ஒரு மண் வண்டி இங்கே வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

செம்மண்தடம்:

எல்லோருக்கும் நன்றி. மீனா அவர்கள் சொன்னதும் போய் என் வேன் கையேட்டைப் பார்த்தேன், அதே 350 பவுண்ட் தான். மாதத்தில் பாதி நாள் தனியாகத்தான் போகிறேன், அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆல்டா பற்றி யாரும் சொல்லவில்லையே? 5.8 யூனிட் பேட்டரி, 40 குதிரை, விலை 6,000க்குள் கேட்கிறார்கள். அப்புறம், பெரிய வண்டி எடுத்தால் ஃபோர்க் இடிக்கிற பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடுமா?

காட்டுவழி_67:

ஆல்டா அருமையான வண்டி, ஆனால் அந்தக் கம்பெனி 2018 அக்டோபரிலேயே மூடிவிட்டது. பேட்டரி செத்தால் புதியது எங்கே வாங்குவீர்கள்? ஐந்து வருடம் மாற்றக் கூடாது என்றீர்கள், அப்படியானால் அதைத் தொடாதீர்கள். நாமே பிரித்து ரிப்பேர் செய்கிற ஆட்களுக்கு அது சரி.

ஃபோர்க் தானாகத் தீராது. புது வண்டியோடு வருகிற ஸ்பிரிங் பெரும்பாலும் 70, 80 கிலோ ஆளை மனதில் வைத்துப் போட்டது. நீங்கள் 103. வண்டி வந்ததும் ஓட்டுவதற்கு முன்னால் சாக், அதாவது நீங்கள் ஏறியதும் வண்டி எவ்வளவு அமிழ்கிறது என்று, அளந்துவிடுங்கள், ஒரு டேப் போதும். பின் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே ஃபெண்டரில் ஒரு புள்ளி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழுக் கியரோடு ஏறி, ஃபுட்பெக்கில் நின்று இரண்டு முறை அமுக்கிவிட்டு நில்லுங்கள், இன்னொருவர் அதே புள்ளியை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சஸ்பென்ஷனின் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும், 300 மில்லிமீட்டர் அசைவென்றால் 100. அதை விட அதிகம் அமிழ்ந்தால் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தம்) இறுக்கலாம், நன்றாக இறுக்கியும் வரவில்லை என்றால் ஸ்பிரிங் மென்மை, மாற்றத்தான் வேண்டும். நான் முன்னும் பின்னும் மாற்றினேன், வேலைக்கூலியோடு 450 டாலர் ஆனது. சக்திக்குப் போட்ட பணத்தை விட இதுதான் எனக்குப் பலன் தந்தது, இறக்கத்தில் வண்டி தலையைக் குத்தாமல் இறங்குகிறது, கையும் வலிப்பதில்லை.

ஆக உங்களுக்கு நான் சொல்வது அல்ட்ரா பீ, கூடவே ஸ்பிரிங். ஸ்டார்ம் பீயில் எடை வார்க்கைப் போல, பேட்டரி அதை விடச் சிறியது, அந்த எடையைத் தூக்க முடிவு செய்துவிட்டால் பணம் சேர்த்து வார்க்கே வாங்கலாம்.

மீனா_ட்ரேசி:

எனக்கும் சம்மதம். வண்டி வாங்கியதும் டிஎம்வியில் (வாகனப் பதிவு அலுவலகம்) ஆஃப்-ஹைவே பதிவை முடித்துவிடுங்கள், அது இல்லாமல் பூங்காவுக்குள் போகாதீர்கள். சைக்கிள் பாதைப் பக்கமும் வேண்டவே வேண்டாம், கலிஃபோர்னியாவில் இ-பைக் என்றால் 750 வாட், 28 மைல் வேகத்தோடு முடிந்தது, இவை எதுவும் அதில் சேராது. அங்கே பிள்ளைகள் நடக்கிறார்கள். சத்தமில்லாத வண்டி என்பதால் மலைப்பாதையிலும் வளைவுகளில் எதிரே வருகிறவருக்கு நீங்கள் வருவது காதில் விழாது, வலப்பக்கமாக ஒதுங்கி மெதுவாகத் திரும்புங்கள். சார்ஜை வீட்டுக்குள் போடாதீர்கள், கராஜில், நீங்கள் விழித்திருக்கிற நேரத்தில்.

காட்டுவழி_67:

செம்மண்தடம், வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வருகிற சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஹாலிஸ்டர் லோயர் ராஞ்ச் வாசல் பக்கம் இருப்பேன், மழை பெய்து பாதையை மூடினால் அதற்கு அடுத்த வாரம். என் ஸ்பிரிங் 88 கிலோவுக்குப் போட்டது, உங்களுக்குக் கொஞ்சம் அமிழும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். டேப் நான் கொண்டுவருகிறேன், உங்கள் பூட்ஸை மறக்காமல் எடுத்து வாருங்கள், என்னுடையது 9, உங்களுக்குச் சேராது.