மஞ்சள் கறுப்பு இல்லாத ஸ்ட்ரைப்பர்: அதை முதலில் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

1990 ஆகஸ்டில் நான் கலிஃபோர்னியாவில் மாணவன். ஸ்ட்ரைப்பர் என்ற கிறிஸ்தவ ஹெவி மெட்டல் பேண்டின் 'அகெய்ன்ஸ்ட் த லா' கேசட் வந்த வாரமே கடைக்குப் போனேன். அவர்களுடைய அடையாளமான மஞ்சளும் கறுப்பும் தேடிய கண்ணுக்கு அது தட்டுப்படவே இல்லை. கடைக்காரர்தான் எடுத்துக் கொடுத்தார். கோடு போட்ட உடைகள் போய்விட்டன. பேண்டின் பெயருக்குக் கீழே எப்போதும் இருக்கும் ஏசாயா 53:5 இல்லை. எனக்கு அதுதான் வலித்தது.

'அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்' என்ற வசனம் அது. நம் வேதாகமத்தில் தழும்பு என்று இருப்பது பழைய ஆங்கில வேதாகமத்தில் 'ஸ்ட்ரைப்ஸ்', கோடு என்றும் பொருள்படும் சொல். பெயர், உடை, வசனம் மூன்றும் ஒன்றாகப் பின்னியிருந்தன. தமிழில் மட்டும் படிக்கிறவர்களுக்கு இந்த இணைப்பு பிடிபடாது, அதனால்தான் சொல்கிறேன்.

அறைக்கு வந்து கேட்டேன். மோட்லி க்ரூ என்ற ராக் பேண்டின் ஆல்பங்களைத் தயாரித்த டாம் வெர்மன்தான் இதற்கும் தயாரிப்பாளர். கிட்டார் முரட்டுத்தனமாக இருந்தது, அது பிடித்தது. ஆனால் 1986-இல் 'டு ஹெல் வித் த டெவில்' ஆல்பத்தில் இயேசுவை வெளிப்படையாகப் பாடியவர்கள், இதில் அப்படிப் பாடவில்லை. போதாததற்கு, எர்த், விண்ட் அண்ட் ஃபயர் என்ற வேறொரு பேண்டின் 'ஷைனிங் ஸ்டார்' பாட்டையும் பாடியிருந்தார்கள். என் சபையில் ஒருவர், "நான் அப்பவே சொன்னேனே" என்றார். மஞ்சள் கறுப்பு போட்டு, மேடையிலிருந்து ரசிகர்களுக்கு வேதாகமம் எறிந்து கொடுத்த நாட்களிலும் அவர் அவர்களைத் திட்டியவர்தான். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம் விற்பனை சரிந்தது. 1992-இல் பாடகர் மைக்கேல் ஸ்வீட் விலகினார். அந்தக் காலத்தில் குடித்ததைப் பின்னாளில் அவரே மறைக்காமல் சொன்னார். அதைப் படித்த பிறகு அந்தக் கேசட்டை மறுபடி எடுத்தேன். கோபம் போயிருந்தது. தலைப்புப் பாட்டு அவர்கள் வாசித்ததிலேயே சிறந்தவற்றில் ஒன்று என்று இன்று தயங்காமல் சொல்வேன்.

*

அண்ணா, எனக்கு நேர் எதிர். நான் முதலில் கேட்டதே இந்த ஆல்பம்தான். அப்போது சபைப் பக்கமே போகாத பையன் நான். உடையும் வசனமும் முதலிலேயே கண்ணில் பட்டிருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன். இதைப் பிடித்துப்போய்ப் பின்னோக்கிப் போய் அவர்களுடைய பழைய பாட்டு 'ஹானஸ்ட்லி' வரை கேட்டேன். ஏசாயா 53-ஐ முழுதாகப் படித்தது அப்போதுதான். அதனால் அந்த ஆல்பத்தை வழிதவறியது என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது.

*

தம்பி, நீங்கள் சொல்வதை நான் யோசித்ததே இல்லை. 2003-இல் அவர்கள் மறுபடி சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு கச்சேரிக்குப் போனேன். மஞ்சள் கறுப்பு திரும்பியிருந்தது. ராபர்ட் ஸ்வீட் பழையபடி பக்கவாட்டில் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தார். மேடையிலிருந்து எறிந்த புதிய ஏற்பாடு ஒன்று எனக்குப் பக்கத்தில் நின்ற பையன் கையில் விழுந்தது. அவன் அதைத் திறந்து, அந்த இரைச்சலிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டான்.