93ஆம் ஆண்டு ஹைலக்ஸ்: காலையில் ஸ்ராட் வருவதில்லை, பிறேக்கும் இறுக்கம். எஞ்சின் மாற்றத்தான் வேண்டுமா?

வயல்காரன் (கிளிநொச்சி):

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1993ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106. நான்கு சில்லும் இழுக்கிற டபிள் கப், 3எல் டீசல் எஞ்சின். மாமாவிடமிருந்து வாங்கினேன். நெல் மூட்டை, உரம், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் இதில்தான் போகிறது. 2020இல் இறக்குமதியை நிறுத்திய பிறகு பிக்கப் விலை ஏறிய ஏற்றத்தில் வேறொன்றை நினைத்துப் பார்க்கவே முடியாது. இதையே வடிவாக வைத்து ஓட்ட வேண்டும்.

காலையில், எஞ்சினின் உட்புறத்தைச் சூடாக்குகிற ஹீற்றரின் லைற் அணைந்த பிறகும் நெடுநேரம் சுற்றினால்தான் ஸ்ராட் வருகிறது. வந்ததும் குலுங்கிக்கொண்டு வெள்ளைப் புகை விடும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். பகலில் ஒரு தொடுகையில் பிடிக்கிறது. முற்றத்தில் முன்பக்கம் மேடாக நிறுத்தினால் அடுத்த நாள் இன்னும் மோசம்.

அதோடு காலையில் பிறேக் பெடல் இறுக்கமாக இருக்கிறது, ஓட ஓட இளகுகிறது. பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற அல்ரனேற்றருக்குக் கீழே ஒயில் ஈரம். இரவில் பற்றரி லைற் மங்கலாக எரிகிற மாதிரியும் இருக்கிறது.

கராஜில் காட்டினேன். எஞ்சின் முடிந்துவிட்டது, வேறு 5எல் எஞ்சின் இறக்குவோம் என்கிறார்கள். அவ்வளவு காசு இப்போது கையில் இல்லை. வீட்டில் ஸ்பானர் செற், மல்ரிமீற்றர், ஜக் இருக்கின்றன. நானே செய்யக்கூடியது ஏதும் உண்டா? பின் ஸ்பிரிங்குக்கு ஒரு தகடு கூடப் போட்டிருக்கிறேன். எல்ஈடி ஹெட்லைற் போடவும் ஆசை.

பஞ்சிகாவத்தைப் பக்கம்:

தம்பி, கராஜ்காரர் சொன்னதில் பிழையில்லை. 5எல் 2986 சிசி, உங்களுடையது 2779. இரண்டும் ஒரே குடும்பம், அதனால் பெரிதாக வெட்டி ஒட்டத் தேவையில்லை. மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு இழுவை கூடினால் நல்லதுதானே. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய வாகனப் பாகக் கடைகளில் தேடினால் எடுக்கலாம்.

கிழட்டு டீசல்:

அண்ணை, பகலில் ஒரு தொடுகையில் பிடிக்கிற எஞ்சினை முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்ற வேண்டும். கடதாசி இல்லாத எஞ்சினை வாங்கிவிட்டுப் பிறகு யார் அலைவது? முதலில் இருப்பதைப் பார்ப்போம்.

வயல்காரன், முன்பக்கம் மேடாக நிறுத்தினால் மோசம் என்று சொன்னீர்களே, பாதி விடை அதில் இருக்கிறது. இந்த வண்டியின் டீசல் ராங்கிக்குள் பம்ப் கிடையாது. எஞ்சினில் இருக்கிற இன்ஜெக்ரர் பம்ப்தான் ராங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சுகிற பக்கத்தில் எங்காவது சின்ன ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வடியாது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால் கீழே குனிந்து ஈரம் தேடினால் ஒன்றும் தெரியாது. இரவில் வண்டி நிற்கும்போது அந்த ஓட்டையால் காற்று ஏறும், குழாயில் நின்ற டீசல் ராங்கிக்கே திரும்பி இறங்கிவிடும். முன்பக்கம் உயர்ந்தால் இன்னும் கெதியாக இறங்கும். காலையில் நீங்கள் சுற்றுகிற நேரம் முழுக்க அந்தக் காற்றை வெளியேற்றத்தான் போகிறது.

சோதிப்பது சுலபம். நாளைக் காலை சாவியைத் தொடுவதற்கு முன்னர் பொனெற்றைத் திறவுங்கள். டீசல் பில்ரரின் தலையில் கையால் அமத்துகிற ஒரு பம்ப் இருக்கும். அதை இறுகும் வரை அமத்துங்கள், பிறகு வழமைபோல ஹீற்றர் போட்டு ஸ்ராட் பண்ணுங்கள். உடனே பிடித்தால் காற்றுத்தான் காரணம். அமத்தத் தொடங்கும்போதே இறுக்கமாக இருந்து, ஸ்ராட்டும் பழையபடி இழுத்தால் காற்றுச் சந்தேகத்தை விட்டுவிட்டு ஹீற்றர் பிளக்கைப் பாருங்கள்.

மாமா டீசலைப் பீப்பாவில் சேர்த்து வைத்து ஊற்றியவரா? 2022 தட்டுப்பாட்டில் அப்படிச் செய்தவர்களின் ராங்கிகளில் இப்போதும் தண்ணீரும் வழுவழுப்பான கசடும் வருகின்றன. பில்ரருக்கு அடியில் உள்ள வடிகால் திருகை இளக்கி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வைத்துப் பாருங்கள், தண்ணீர் அடியில் தங்கும். பிறகு மறக்காமல் இறுக்குங்கள், அதுவே இன்னொரு காற்று ஓட்டையாகிவிடும்.

இன்னொன்று. ஸ்ராட் வரவில்லை என்று யாராவது ஈதர் ஸ்பிரே அடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். ஹீற்றர் பிளக் சூடாக இருக்கிற எஞ்சினுக்குள் அதை அடித்தால் பிஸ்ரனும் ஹெட்டும் போகும்.

ஒயில்கை:

ஹீற்றர் பிளக் பற்றி நான் சொல்கிறேன். நான்கு பிளக்குக்கும் மேலே ஒரு உலோகப் பட்டி ஓடும். பற்றரி நெகற்றிவைக் கழற்றிவிட்டு அந்தப் பட்டியை எடுங்கள். பட்டி இருக்கும்போது அளந்தால் நான்கும் சேர்ந்து ஒரே கணக்காகக் காட்டும், செத்த பிளக் தெரியாது. பிறகு மல்ரிமீற்றரை ஓமில் வைத்து ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் அளந்து பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் அளவிலோ அதற்குக் கீழேயோ காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அது போய்விட்டது.

வாங்கும்போது கவனம். ஹைலக்ஸில் 12 வோல்ற் பிளக் போட்டதும் உண்டு, அதைவிடக் குறைந்த வோல்ற் பிளக் போட்டு ரிலேயால் கட்டுப்படுத்துவதும் உண்டு. இரண்டும் ஒரே திருகில் ஏறும். மாற்றிப் போட்டால் ஒன்று சூடாகாது, மற்றது எரிந்துபோகும். பழைய பிளக்கைக் கையோடு கொண்டுபோய் அதில் பொறித்த இலக்கத்தைக் காட்டி வாங்குங்கள். எஞ்சின் சாதுவாகச் சூடாக இருக்கும்போது கழற்றுங்கள். முறிந்து உள்ளே நின்றால் ஹெட் கழற்றுகிற வேலையாகிவிடும்.

கிழட்டு டீசல்:

ஓம், அதுவும் சரி. இனி அந்த பிறேக். 3எல் எஞ்சினில் அல்ரனேற்றரின் பின்புறத்திலேயே வக்கியூம் பம்ப் ஒட்டியிருக்கிறது, அதே அச்சில் சுற்றும். பெடலை இலகுவாக்குகிற பிறேக் பூஸ்ரருக்கு வக்கியூம், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், தேவை. டீசல் எஞ்சினில் பெற்றோல் எஞ்சின் மாதிரி காற்று போகிற மனிபோல்ட்டில் அது இல்லாததால் இந்தப் பம்ப்தான் கதி. அதற்குள் எஞ்சின் ஒயில் ஒரு குழாயால் வந்து இன்னொன்றால் திரும்பும். நடுவில் உள்ள சீல் போனால் ஒயில் அல்ரனேற்றருக்குள் இறங்கி, மின்சாரம் கடத்துகிற கரித்துண்டை நனைக்கும். சார்ஜ் குறையும், பற்றரி சோரும், காலையில் சுற்றுகிற வேகம் குறையும். நீங்கள் தனித்தனியாக எழுதிய மூன்று முறைப்பாடும் இந்த ஒரு சாமானாக இருக்கலாம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை இறுகும் வரை பல தடவை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்ராட் பண்ணினால் கால் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப், குழாய், பூஸ்ரர் மூன்றில் ஒன்று. முதலில் குழாயை வளைத்து வெடிப்புப் பாருங்கள், ஆகக் குறைந்த செலவு அதுதான். சார்ஜையும் பாருங்கள்: இரவு முழுக்க நின்ற நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் இருக்கும், எஞ்சின் ஓடும்போது 13.8இலிருந்து 14.4 வரை வர வேண்டும்.

பிறேக்கைச் சரிபார்க்கும் வரை மூட்டை ஏற்றாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வயல்காரன்:

அண்ணைமாருக்கு நன்றி. கை பம்ப் முதலில் தொளதொளவென்று போய் நெடுநேரம் கழித்துத்தான் இறுகியது. இறுகிய பிறகு ஸ்ராட் டக்கென்று வந்தது! அதன் றப்பருக்குக் கீழே விரல் வைத்தால் டீசல் ஈரம். போத்தலில் அடியில் தண்ணீரும் கறுப்புத் தூளும். மாமாவிடம் கேட்டேன், சிரிக்கிறார்.

இரண்டு ஹீற்றர் பிளக் ஒன்றுமே காட்டவில்லை. பற்றரி காலையில் 12.2, ஓடும்போது 13.1. பெடல் சோதனையில் கால் இறங்கவே இல்லை, கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் செய்தால் இறங்குகிறது. குழாயில் வெடிப்பு இல்லை.

கிழட்டு டீசல்:

அப்படியென்றால் வக்கியூம் பம்ப் தேய்ந்திருக்கிறது. அல்ரனேற்றரோடு சேர்த்துக் கழற்றிக் கொண்டுபோங்கள். உள்ளே இருக்கிற தகடுகளையும் சீலையும் மாற்றலாம். சுவரில் கீறல் விழுந்திருந்தால் முழுதாக மாற்றத்தான் வேண்டும். ஒயில் போகிற குழாய்களுக்குப் பழையதையே இறுக்காமல் புது வொஷர் போடுங்கள்.

பில்ரர்த் தலையை கை பம்போடு முழுதாக வாங்கலாம். வெறும் றப்பரை ஒட்டிச் சமாளிக்க வேண்டாம். போட்ட பிறகு பில்ரருக்கும் இன்ஜெக்ரர் பம்புக்கும் நடுவே கொஞ்ச நாளைக்கு ஒரு தெளிவான டீசல் குழாய் போட்டுப் பாருங்கள். குமிழி வந்துகொண்டே இருந்தால் ராங்கிப் பக்கத்து இரும்புக் குழாயில் துரு தின்றிருக்கிறது.

யாழ் பழசு:

மாமாவின் சிரிப்பு எனக்கு விளங்குகிறது. 90களில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர்க்காரர் நாங்கள், தண்ணீர் கலந்த டீசலெல்லாம் எங்களுக்கு விருந்து. ஆனால் ஒன்று, இந்த இன்ஜெக்ரர் பம்புக்கு டீசல்தான் ஒயில். மண்ணெண்ணெயோ தண்ணீரோ போனால் உள்ளே வழுக்கல் போய்த் தேயும். அதைத் திருத்துகிற காசில் ரயர் நான்கும் மாற்றலாம்.

வால்வையும் பிஸ்ரனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கிற ரைமிங் பெல்ற் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே? மாமா எப்போது மாற்றினார்? இந்த எஞ்சினுக்கு 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். நேரம் வந்தால் மீற்றரில் ஒரு லைற் எரியும், ஆனால் பழைய வண்டிகளில் அந்த பல்பைக் கழற்றி விட்டிருப்பார்கள், அல்லது பெல்ற் மாற்றாமலே லைற்றை மட்டும் அணைத்திருப்பார்கள். அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதும், அன்றைக்குக் கராஜ்காரர் சொன்ன 5எல்தான். மாற்றிய திகதி தெரியாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ற்றை இறுக்கி வைக்கிற இழுவிசைச் சில்லையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஒயில்கை:

பின் ஸ்பிரிங் தகடு பற்றி. பின் அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையில் ஒரு கம்பியோடு பிறேக் வால்வு ஒன்று இருக்கிறதா பாருங்கள். பாரம் ஏறி வண்டி பின்னால் தாழ்ந்தால் அது பின் பிறேக்குக்குக் கூட அழுத்தம் விடும். நீங்கள் தகடு போட்டு உயர்த்திவிட்டதால் மூட்டை ஏற்றினாலும் வண்டி வெறுமையாக நிற்கிறது என்றே அதற்குத் தோன்றும், பின் பிறேக் குறைவாகப் பிடிக்கும். கம்பியைப் புது உயரத்துக்கு ஏற்பச் சரிப்படுத்த வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். தகடு போட்டாலும் அச்சும் சட்டகமும் பழையதுதான், அதிகம் ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம்.

கீழே போகும்போது ஜக்கை மட்டும் நம்பாதீர்கள். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கிற ஸ்ரான்ட் வாங்குங்கள். சீமெந்துக் கல் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வெடித்தால் சொல்லாமல்தான் வெடிக்கும்.

பஞ்சிகாவத்தைப் பக்கம்:

சரி சரி, 5எல் கதையை விட்டுவிடுகிறேன். ஹெட்லைற்றுக்கு வருவோம். பழைய கண்ணாடிக்குள் எல்ஈடி பல்ப் போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவனின் கண்ணில்தான் அடிக்கும். ஏ9 வீதியில் இரவில் ஓடிப் பார்த்தால் தெரியும். முதலில் லைற் எரியும்போது பல்பின் முனையில் வோல்ற் அளந்து பற்றரியோடு ஒப்பிடுங்கள். ஒரு வோல்ற்றுக்கு மேல் குறைந்தால் வயரும் சுவிச்சும் தின்கின்றன. பற்றரியிலிருந்து பியூஸ், ரிலே வழியாகத் தடித்த வயர் இழுத்தால் சாதாரண 60/55 வொற் ஹலஜனே நன்றாக எரியும். ஆனால் இந்தக் காலத்து ஹைலக்ஸில் ஹெட்லைற் சுவிச் நெகற்றிவ் பக்கத்தில் வேலை செய்யும். கடையில் விற்கிற சாதாரண ரிலே செற்றை அப்படியே பூட்டினால் சரிவராது, கேட்டு வாங்குங்கள்.

வயல்காரன்:

பில்ரர்த் தலையும் நான்கு ஹீற்றர் பிளக்கும் போட்டாயிற்று. காலையில் சாவி திருப்பியதும் பிடிக்கிறது, தெளிவான குழாயில் குமிழி இல்லை. வெள்ளைப் புகை கொஞ்சம் இன்னும் வருகிறது, சூடேறியதும் நிற்கிறது. றேடியேற்றர் தண்ணீர் குறையவில்லை. அல்ரனேற்றர் கழற்றிக் கொடுத்திருக்கிறேன், வண்டி வீட்டில் நிற்கிறது. ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று மாமாவுக்கு நினைவில்லை, அதையும் இதோடு செய்விக்கப் போகிறேன். அடுத்த மாதம் புகைப் பரிசோதனை இருக்கிறது. இந்தப் புகையோடு பாஸ் பண்ணுமா?

கிழட்டு டீசல்:

அங்கே பார்ப்பது கறுப்புப் புகையை. எயர் பில்ரரை மாற்றி, கொஞ்சத் தூரம் நன்றாக ஓடி எஞ்சின் சூடான பிறகு கொண்டுபோங்கள். வெள்ளைப் புகை குறையாவிட்டால் பெல்ற் மாற்றுகிறவரிடமே வால்வு இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போது உள்ளே போகிற வால்வுக்கு 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர், வெளியே போகிறதுக்கு 0.40 முதல் 0.50. திருகி வைப்பதல்ல, வால்வுக்கு மேல் உள்ள மெல்லிய தகடு மாற்றுவது, அதனால் அளந்து பார்த்துத்தான் தகடு வாங்க வேண்டும். பிறகு டீசலைத் தெளிக்கிற நொசில்களையும் கழற்றிச் சோதிக்கலாம். கழற்றினால் அடியில் உள்ள வொஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதைத் திருப்பிப் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.