கண்டல் மண் ஸ்ரெப்ரோமைசிஸைப் பிரித்தெடுக்க உதவி தேவை

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கரைக் கண்டல் மண்ணிலிருந்து, நோய்க் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் ஸ்ரெப்ரோமைசிஸ் பற்றீரியாக்களைப் பிரித்தெடுப்பதே எனது இறுதியாண்டு ஆய்வு. 1943 இல் ஸ்ரெப்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கிடைத்ததும் இவ்வகைப் பற்றீரியா ஒன்றிலிருந்துதான்.

நிழலில் உலர்த்திய மண்ணை ஐதாக்கி, மாப்பொருளும் கேசீன் என்ற பாற்புரதமும் சேர்ந்த ஏகார் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) தட்டுகளில் பரப்பியபோது, சுண்ணாம்புத் தூள் தூவியது போன்ற இரண்டு கொலனிகள் ஐந்தாம் நாள் தலைகாட்டின. மழைமண் வாசமும் வீசியது (மூடியைத் திறந்து முகர்ந்தது என் தவறுதான்). ஆனால் ஏழாம் நாளுக்குள் பங்கசு படர்ந்து தட்டையே மூடிவிட்டது.

பங்கசைத் தடுக்க, வளர்ப்பூடகத்தில் நிஸ்ரற்றின் (பங்கசெதிர்ப்பு மருந்து) சேர்ப்பதா, மண்ணை முன்கூட்டியே சூடாக்குவதா பயன் தரும்? செய்து பார்த்தவர்கள், அளவையும் வெப்பநிலையையும் நேரத்தையும் குறிப்பிட்டு அறியத்தந்தால் பேருதவியாக இருக்கும். உவர்மண் என்பதால் ஊடகத்தில் உப்பும் சேர்க்க வேண்டுமா?