குழந்தையின் இனத்தை எப்படிப் பதிவது? சிங்கப்பூரில் இன அடையாளமும் வாக்கும்

கேள்வி: தெம்பனிஸ்வாசி

நான் தமிழன், என் மனைவி சீனர். இருவரும் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் முதல் குழந்தை இன்னும் சில வாரங்களில் பிறக்கவிருக்கிறது. பிறப்பைப் பதியும்போது குழந்தையின் இனத்தையும் நாங்கள் தெரிவிக்க வேண்டும். முன்பெல்லாம் தந்தையின் இனமே பிள்ளைக்கும் என்று இருந்தது. 2011 ஜனவரி முதல் 'இந்தியர்-சீனர்' என்றோ 'சீனர்-இந்தியர்' என்றோ இரட்டை இனமாகப் பதிய வழி செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டில் முதலில் வருவதைத்தான் வீட்டு ஒதுக்கீடு போன்றவற்றுக்கு அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது என்கிறார்கள். அப்படியானால் எதை முதலில் எழுதுவது என்பதில் எங்கள் இருவருக்கும் குழப்பம்.

இதையொட்டி வீட்டில் பெரிய விவாதமே நடந்துவிட்டது. 2023-இல் தர்மன் சண்முகரத்தினம் 70.4 விழுக்காடு வாக்குகளுடன், இரண்டு சீன வேட்பாளர்களை வென்று அதிபரானார். முக்கால்வாசிப் பேர் சீனர்களாக உள்ள நாட்டில் இப்படி நடந்த பிறகு, இனத்தைக் கேட்கும் கட்டமே படிவங்களில் எதற்கு என்கிறார் என் மாமனார். என் அப்பாவோ, அதிபர் பதவி வேறு, பிரதமர் பதவி வேறு, மேலே ஒருவர் வந்துவிட்டதால் கீழே எல்லாம் மாறிவிட்டதாக எண்ணக் கூடாது என்கிறார். பலர் ஓர் அணியாக நிற்கும் குழுத்தொகுதி முறையும், ஒரு சமூகத்தாருக்கே ஒதுக்கப்படும் அதிபர் தேர்தலும் நமக்குப் பாதுகாப்பா, அல்லது வாக்காளரை இனம் இனமாகவே பார்க்கும் பழக்கத்தை அவைதாம் நிலைநிறுத்துகின்றனவா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1: உட்லண்ட்ஸ் ஆசிரியர் (ஓய்வு)

தம்பி, முதலில் வாழ்த்துகள். உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் உண்டு. அன்றைய நிதியமைச்சர் ஹெங் சுவீ கியெட் 2019 மார்ச்சில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களிடையே பேசியபோது, சீனரல்லாத ஒருவரைப் பிரதமராக ஏற்க மூத்த தலைமுறையினர் இன்னும் ஆயத்தமாகவில்லை என்ற கருத்தைக் கூறினார். தர்மன் அப்போது துணைப் பிரதமராக இருந்தார். அவரைப் பிரதமராக்க வேண்டும் என்று பலர் வெளிப்படையாகவே விரும்பிய காலம் அது. ஆகவே அந்தக் கருத்து யாரைச் சுட்டுகிறது என்பது அவையிலிருந்த எவருக்கும் விளங்காமல் போயிருக்காது.

ஆனால் வாக்காளர்கள் இனம் பார்த்தே வாக்களிப்பார்கள் என்ற முடிவை நம் தேர்தல் வரலாறு அவ்வளவு எளிதாகத் தந்துவிடவில்லை. 1955-இல் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் ஒரு யூதர். தேவன் நாயர் அதிபரானதால் காலியான ஆன்சன் தொகுதியில் 1981 அக்டோபரில் இடைத்தேர்தல் நடந்தபோது, ஆளுங்கட்சியின் சீன வேட்பாளரைத் தோற்கடித்து வென்றவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே.பி. ஜெயரத்தினம், சுதந்திரத்துக்குப் பின் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்ற முதல் எதிர்க்கட்சிக்காரரும் அவரே. 2016-இல் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் புக்கிட் பாத்தோக் தனித்தொகுதி இடைத்தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் சீ சூன் ஜுவானை எதிர்த்து ஆளுங்கட்சியின் முரளி பிள்ளை 61.2 விழுக்காடு பெற்றார். இந்தத் தொகுதிகளிலெல்லாம் பெரும்பான்மை சீனர்கள்தாம். கட்சியைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள். இனத்தையும் சிலர் பார்த்திருக்கலாம், ஆனால் அது முடிவைத் தீர்மானிக்கவில்லை.

அப்படியிருக்க, 1988-இல் குழுத்தொகுதி ஏன் வந்தது? இளைய வாக்காளர்கள் நாடாளுமன்றத்தில் இனச் சமநிலை வேண்டும் என்பதை எண்ணிப் பாராமல் தங்களுக்குப் பிடித்தவருக்கு வாக்களிக்கிறார்கள், இப்படியே போனால் ஒருநாள் சிறுபான்மையினரே இல்லாத நாடாளுமன்றம் அமைந்துவிடும் என்று அரசாங்கம் வாதிட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் மூவர் கொண்ட 13 குழுத்தொகுதிகள் உருவாயின. ஒவ்வோர் அணியிலும் குறைந்தது ஒருவர் மலாய்க்காரராகவோ, இந்தியர் அல்லது பிற சிறுபான்மையினராகவோ இருக்க வேண்டும் என்பது விதி. அணியின் அளவு பின்னர் ஆறு பேர் வரை வளர்ந்தது. ஓர் இடத்தை உறுதி செய்ய ஐந்து இடங்களை ஏன் கட்டிவைக்க வேண்டும் என்ற கேள்விக்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. அத்தனை பேரைத் திரட்ட முடியாமல் எதிர்க்கட்சிகள் ஒதுங்கியதால், தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் 1991 முதல் 2011 வரை ஐந்து பொதுத்தேர்தல்களில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. இது சிறுபான்மையினருக்கான பாதுகாப்பு மட்டும்தான் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எனக்குள்ள முதன்மையான மனக்குறை வேறு. ஓர் அமைச்சர் தலைமையில் நான்கைந்து பேர் சேர்ந்து நிற்கும் அணிக்கு வாக்களித்தவர், அதிலிருந்த தமிழரை விரும்பித் தேர்ந்தாரா, பொறுத்துக்கொண்டாரா, கவனிக்கவே இல்லையா என்பதை முடிவுகளிலிருந்து எப்படி அறிவது? இனம் பார்த்து வாக்களிக்கிறார்கள் என்ற அச்சத்தின் மேல் எழுந்த அமைப்பு, அந்த அச்சம் உண்மையா என்று சோதிக்கும் வாய்ப்பையே பெரும்பாலான தொகுதிகளில் எடுத்துவிட்டது. உள்ளே போன சிறுபான்மை உறுப்பினரோ, தனியாக நின்றிருந்தாலும் வென்றிருக்கக்கூடியவர் என்றாலும், ஒதுக்கீட்டில் வந்தவர் என்ற முணுமுணுப்பைச் சுமக்க நேர்கிறது.

பதில் 2: கேலாங் செராய்

ஆசிரியர் ஐயா 2017-ஐத் தொடாமல் விட்டுவிட்டார். இனப் பெயரிடுதலும் அரசியலும் நேருக்கு நேர் மோதிய ஆண்டு அதுதான். ஐந்து தவணைக் காலம் ஒரு சமூகத்தவர் எவரும் அதிபராகவில்லை என்றால் அடுத்த தேர்தல் அச்சமூகத்தாருக்கே ஒதுக்கப்படும் என்று 2016 நவம்பரில் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். எண்ணிக்கையை முன்னாள் அதிபர் வீ கிம் வீ காலத்திலிருந்து தொடங்கியதால் 2017 தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. வீ கிம் வீயோ மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். கணக்கு அவரிடமிருந்து தொடங்குவது சரியா என்று முன்னாள் அதிபர் வேட்பாளர் டான் செங் போக் நீதிமன்றம் வரை சென்றும் தோற்றார்.

அடுத்து எழுந்தது, மலாய்க்காரர் என்பவர் யார் என்ற வினா. அந்தத் தேர்தலில் அதிபரான ஹலிமா யாக்கோப்பின் தாய் மலாய்க்காரர், தந்தை இந்திய முஸ்லிம். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் எண்ணிப் பார்க்கும் அதே நிலைமைதான், தெம்பனிஸ்வாசி. அவர் போதிய அளவு மலாய்க்காரரா என்று காப்பிக்கடை முதல் இணையம் வரை அலசினார்கள். சட்டம் அளவுகோலை வேறிடத்தில் வைத்திருந்தது: பிறப்பால் எந்த இனத்தவராயினும், ஒருவர் தம்மை மலாய்ச் சமூகத்தவராகக் கருத வேண்டும், அச்சமூகமும் அவரைப் பொதுவாகத் தம்மவராக ஏற்றிருக்க வேண்டும். இதைப் பார்த்துச் சான்றளிக்க ஒரு சமூகக் குழுவும் உண்டு. தந்தைவழியையே பார்த்துவந்த பழைய பதிவு முறைக்கும் இந்த அளவுகோலுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். என்னைக் கேட்டால், இரண்டில் மனிதத்தன்மை உள்ளது இதுதான். ஆனால் ஒரே அரசாங்கம் ஒரே ஆளை இரண்டு விதமாக அளக்கும்போது, பொதுமக்கள் குழம்புவதில் வியப்பில்லை.

இதிலுள்ள முரண் இன்னொன்று. ஹலிமா அதற்கு முன் மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியின் உறுப்பினர். அந்த அணியின் சிறுபான்மை இடம் அவரால்தான் நிறைவானது. அதிபர் தேர்தலுக்காக அவர் பதவி விலகிய பின், ஓர் இடத்துக்காக இடைத்தேர்தல் நடத்தத் தேவையில்லை என்றார்கள். நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆக, சிறுபான்மைப் பிரதிநிதித்துவத்துக்காகவே படைக்கப்பட்ட ஒரு தொகுதியில், 2020 பொதுத்தேர்தல் வரை அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. மற்ற இரு மலாய் விண்ணப்பதாரர்களுக்கும் தகுதிச் சான்றிதழ் கிடைக்காததால், ஒதுக்கப்பட்ட அதிபர் தேர்தலிலும் வாக்குப்பதிவு இல்லை. வாக்குப்பதிவு நடந்திருந்தால் அந்த அம்மையார் வென்றிருப்பார் என்பதே என் எண்ணம். அதை நிரூபிக்கும் வாய்ப்பு அவருக்கும் மறுக்கப்பட்டது.

பதில் 3: செங்காங் அக்கா

தம்பி, நீங்கள் முதலில் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். முதலில் வரும் இனம் பிள்ளை வளர்ந்து வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வாங்கும்போது கணக்கில் வரும். 1989 மார்ச் முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வொரு புளோக்குக்கும் (அடுக்குமாடிக் கட்டடத்துக்கும்) இனவாரி உச்சவரம்பு இருக்கிறது: சீனருக்கு வட்டாரத்தில் 84, புளோக்கில் 87 விழுக்காடு, மலாய்க்காரருக்கு 22, 25, இந்தியரும் பிறரும் சேர்த்து முன்பு 10, 13 என்று இருந்து 2010-இல் 12, 15 ஆனது.

வாங்கும்போது இது பெரும்பாலும் உறைக்காது, விற்கும்போதுதான் தெரியும். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டை விற்க வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. அதே மாடியிலுள்ள சீனக் குடும்பமோ தன் வீட்டை இன்னொரு சீனருக்குத் தாராளமாக விற்கலாம். ஒரே அளவு, ஒரே பார்வை, பக்கத்துப் பக்கத்துக் கதவு. ஆனால் ஒருவருக்கு நகரின் பெரும்பான்மையோர் வாங்க வருகிறார்கள், மற்றவருக்கு மிஞ்சியிருப்போர் மட்டுமே. விலை இறங்காமல் என்ன செய்யும்? இந்த இழப்பு சிறுபான்மையினர்மீதே கூடுதலாக விழுகிறது என்று நாடாளுமன்றத்தில் பேசப்பட்ட பிறகு, மிகவும் சிரமப்படுவோரின் வீடுகளை வீவகவே திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022-இல் வந்தது.

அதற்காகக் கொள்கையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பிள்ளைகள் மின்தூக்கியில் தினமும் நான்கு மொழி கேட்டு வளர்ந்தார்கள்; அது தானாக அமைந்துவிடுமா என்று எனக்குத் தெரியாது. கலப்புமணக் குடும்பங்கள் வீடு வாங்கும்போது கணவன், மனைவி இருவரில் ஒருவருடைய இனத்தைத் தேர்ந்துகொள்ளலாம். விற்கும்போதும் அதே இனம்தான். எனவே பிள்ளையின் படிவத்துக்கு முன்னால், உங்கள் வீட்டை வாங்கியபோது யாருடைய இனத்தைக் காட்டினீர்கள் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பதில் 4: கிளமெண்டி மாணவி

எல்லோரும் அரசாங்கப் படிவத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வெளியே பார்ப்பவர்களுக்குப் படிவம் தேவைப்படுவதில்லை. வாடகை அறைக்கு அழைத்துப் பேசும்போது, ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுவிட்டு "நீங்கள் இந்தியரா?" என்று கேட்பவர் என் அடையாள அட்டையைப் பார்த்ததில்லை. இந்தியாவுடன் 2005-இல் கையெழுத்தான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டின் சுருக்கப் பெயரான 'சீக்கா', இணையத்தில் இந்திய நாட்டவரைக் குறிக்கும் வசையாகிப் பிறகு நம் தோலைப் பார்த்தே நம்மீதும் எறியப்படும் சொல்லாகிவிட்டது. நான்காம் தலைமுறைச் சிங்கப்பூரர் என்று விளக்கிக்கொண்டிருக்க அங்கே இடமில்லை. அப்படி விளக்கித் தப்பிப்பதும், நேற்று வேலைக்கு வந்தவர்மீது அந்த வசை தகும் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். அதையும் நான் விரும்பவில்லை.

'இந்தியர்' என்ற பகுப்பே ஆங்கிலேயர் கணக்கெடுப்பில் உருவாகி வளர்ந்த ஒன்று. 1891 கணக்கெடுப்பில் 'தமிழரும் பிற இந்திய நாட்டவரும்' என்று ஒரு தலைப்பு இருந்தது. இன்று அதே கட்டத்துக்குள் மலையாளி, பஞ்சாபி, வங்காளி மட்டுமின்றிப் பாகிஸ்தானியரும் சிங்களவரும் இருக்கிறார்கள். கொழும்பில் இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா? 2020 கணக்கெடுப்பின்படி நாம் 9 விழுக்காடு. நம்மில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானோர்தான் தமிழர். இந்தக் கலவையிலிருந்து ஒருவரை அணியில் சேர்த்துவிட்டால் அனைவரையும் பிரதிநிதித்துவப்படுத்தியதாகிவிடும் என்ற கணக்கை நான் ஏற்கவில்லை.

தெம்பனிஸ்வாசி

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்னதைப் பார்த்து ஆவணங்களை எடுத்துப் பார்த்தேன். வீட்டை மனைவியின் இனத்தில்தான் வாங்கியிருக்கிறோம். மாணவி சொன்னதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். பிள்ளை என் நிறத்தில் பிறந்தால் படிவத்தில் எதை முதலில் எழுதினாலும் பேருந்தில் அவன் இந்தியன்தான், தன் நிறத்தில் பிறந்தால் யாரும் கேட்கப்போவதில்லை என்றாள். பள்ளியில் எந்தத் தாய்மொழி என்பதுதான் இப்போது மிஞ்சிய கேள்வி.

பதில் 5: உட்லண்ட்ஸ் ஆசிரியர் (ஓய்வு)

இரட்டை இனப் பதிவு உள்ள பிள்ளைக்கு வழக்கமாக முதலில் உள்ள இனத்தின் மொழியைக் கருதுவார்கள். மற்றதைப் படிக்க வைக்க விரும்பினால் பெற்றோர் கேட்கலாம். ஆகவே மொழிக்காக வரிசையை மாற்ற வேண்டிய கட்டாயமில்லை. உங்கள் வீட்டில் பாட்டி தாத்தாவுடன் பிள்ளை எதைப் பேசப்போகிறது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

உங்கள் மாமனாரிடம் இதையும் சொல்லுங்கள். 2023 தேர்தல் எந்த இனத்தாருக்கும் ஒதுக்கப்படவில்லை; இருந்தும் தர்மன், இங் கொக் சொங், டான் கின் லியான் மூவருமே தாம் எந்தச் சமூகத்தவர் என்பதைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்து தவணைக் கணக்கு அனைத்துச் சமூகங்களுக்கும் பொது என்பதால், சீனருக்கான கணக்கும் சீனரான அதிபர் டோனி டானின் பதவிக்காலம் முடிந்த 2017-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.