மரத்துல சேடில்ல தொங்கி மான் வேட்டை: முத தடவ, உயரம்னா கால் நடுங்குது, வழி சொல்லுங்க

நோவி_மதுரக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மிச்சிகன்ல நோவில இருக்கேன், எச்1பி. ஆபீஸ்ல கூட வேல பாக்குறவர் போன நவம்பர்ல தான் அடிச்ச மான்ல ஒரு தொடை குடுத்தாரு, வீட்ல மிளகு தூக்கலா போட்டு சுக்கா பண்ணாங்க, அன்னைலேர்ந்து புத்தி இதுலயேதான் ஓடுது. துப்பாக்கி பக்கம் போகல, நம்ம மாதிரி விசால இருக்கவங்களுக்கு அத வச்சிருக்க ஃபெடரல் சட்டத்துல தடை, ஹன்டிங் லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டுன்னு இருக்கு ஆனா எதுக்கு வம்பு, காம்பவுண்ட் வில்லு வாங்கி ரெண்டு வருஷமா பழகுறேன், 20 கஜத்துல பிரச்சனை இல்ல. ஹன்டர் சேஃப்டி கோர்ஸும் முடிச்சாச்சு. அக்டோபர் 1 சீசன் ஆரம்பம்.

சொந்த நிலம் கிடையாது, பிங்க்னி இல்ல வாட்டர்லூ பக்கம் அரசு காட்டுலதான் போகணும். மரத்துல மாட்டி உக்கார்ற கனமான ஸ்டாண்ட் தூக்க முடியாதுன்னு செகண்ட்ஹேண்ட்ல ஒரு சேடில் (இடுப்புல மாட்டி மரத்துலேர்ந்து தொங்குற பட்டை இருக்கை), நாலு ஸ்டிக் (மரத்துல கட்டி ஏறுற படி), கால் வைக்க சின்ன பிளாட்ஃபார்ம், கூடவே கயிறு எல்லாம் ஒருத்தர்ட்ட வாங்கிட்டேன். வீட்டுக்குப் பின்னாடி மரத்துல பத்தடி ஏறிப் பாத்தேன், கால் வெடவெடன்னு ஆடுது, தொங்கினா இடுப்பு ரெண்டு பக்கமும் இடுக்கி வச்சு புடிச்ச மாதிரி வலி, பத்து நிமிஷத்துல எறங்கிட்டேன். எத்தன அடி ஏறணும், எந்த மரம், இந்த இடுப்பு வலிக்கு என்னதான் பண்றது? இல்ல இது எனக்கு செட் ஆகாதா?

பனையேறி_பேரன்:
தம்பி, மொதல்ல ஒண்ணு, அந்த செகண்ட்ஹேண்ட் கயித்த தூரப் போடுங்க. சேடில் பழசா இருந்தா தையல் தையலா பாத்துட்டு வச்சுக்கலாம், ஆனா லைன்மேன் ரோப்பு (ஏறும்போது மரத்த சுத்தி மாட்டுறது), டெதரு (மேல மரத்துல கட்டித் தொங்குறது), பிரிட்ஜு (சேடில் முன்னாடி டெதர் மாட்டுற கயிறு) இந்த மூணும் புதுசா வாங்குங்க, வெயில்ல எத்தன நாள் கெடந்துதுன்னு அவரு உங்கள்ட்ட சொல்லிருக்க மாட்டாரு.

அடுத்து ஏன் பத்தடி? ஒரு அடில ஆரம்பிங்க. சிரிக்காதீங்க, நான் ரெண்டு மாசம் தரைலேர்ந்து ஒரு அடி ஒசரத்துல பிளாட்ஃபார்ம் கட்டி அதுலதான் நின்னேன், தொங்கினேன், சுத்தினேன், வில்லு இழுத்தேன், பக்கத்து வீட்டுக்காரரு நாம என்ன சர்க்கஸா நடத்துறோம்னு எட்டி எட்டிப் பாத்தாரு. எங்க தாத்தா திருச்செந்தூர் பக்கம் பனையேறி. கால்ல தளைநார் மாட்டி கண்ண மூடிட்டு ஏறுவாரு, ஆனா சின்னப் பயலுவள குட்டி மரத்துலதான் மொதல்ல விடுவாரு. அதே கததான் இது.

ஏறும்போது லைன்மேன் ரோப்பு மரத்த சுத்தி இடுப்போட மாட்டிருக்கணும், கீழ் ஸ்டிக் கட்டும்போதே, தரைலேர்ந்தே. மேல போயி பிளாட்ஃபார்ம் மாட்டி, டெதர மரத்துல கட்டி பிரிட்ஜோட மாட்டி, அதுல ஒங்க எடைய முழுசா எறக்கிப் பாத்த பொறவுதான் லைன்மேன கழட்டணும். எறங்கும்போது அப்படியே தலைகீழ். நடுவுல கிளை குறுக்க வந்தா டெதர கிளைக்கு மேல கட்டிட்டு பொறவு லைன்மேன எடுங்க. ஒரு நொடி கூட ரெண்டும் இல்லாம நிக்கக் கூடாது.

ரெண்டாவது, டெதர் தொய்வு. இத நானே பட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன். ரெண்டாவது சீசன்ல ஒரு நாள் சாயங்காலம் பனி பெஞ்சு பிளாட்ஃபார்ம் வழுக்கலா இருந்துது, பையிலேர்ந்து தண்ணி பாட்டில் எடுக்கேன்னு மரத்த ஒட்டி நின்னேன், டெதர் முழங்கை நீளத்துக்கு தொங்கிட்டு இருந்துருக்கு, கவனிக்கல. கால் வழுக்குச்சு. விழுந்தது ஒன்றரை அடிதான் இருக்கும், ஆனா இந்தக் கயிறு ரப்பர் மாதிரி நீளாதுல்லா, இடுப்பெலும்புல ஒரு வெட்டு வெட்டுச்சு பாருங்க, விலாவுல மரம் மோதி ஒரு வாரம் இருமக் கூட முடியல. மரத்த ஒட்டி வந்தா டெதர்ல நகர்ற புரூசிக் முடிச்ச தள்ளி கயித்த இறுக்கிட்டே இருக்கணும், கை அதுவா செய்யுற அளவுக்கு பழகணும்.

நோவி_மதுரக்காரன்:
அண்ணே, பத்தடில நான் லைன்மேன கழட்டிட்டுத்தான் டெதர் கட்டுனேன். இப்ப படிக்கும்போதே வயித்த கலக்குது.

பனையேறி_பேரன்:
பொழச்சீங்க. வீட்டம்மாட்ட சொல்லாதீங்க.

ஆன்_ஆர்பர்_அண்ணாச்சி:
இடுப்பு வலிக்கு நான் சொல்றேன் ப்ரோ, முக்காவாசி பேரு சேடில பெல்ட் மாதிரி இடுப்புல ஏத்தி மாட்டுவாங்க, அது பெல்ட் இல்ல, ஊஞ்சல் பலகை. பின்பக்கம் கீழ இழுத்து தொடை மேல வர்ற மாதிரி வைங்க. டெதர நெத்தி உயரத்துல கட்டி ஆரம்பிங்க, அப்பறம் ஒரு சாண் மேல ஒரு சாண் கீழ நகத்தி எங்க வலி போகுதுன்னு பாருங்க, பிரிட்ஜ் நீளத்தையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. முட்டிக்கு பேட் போட்டு மரத்துல முட்டி குடுத்து கொஞ்ச நேரம் உக்காருங்க, கொஞ்ச நேரம் கால் நீட்டி சாஞ்சு நில்லுங்க, மாறி மாறி பண்ணா நாலு மணி நேரம் தாங்கும். டைல்ஸ் ஒட்டுறவங்க போடுற பேடே போதும்.

மரம் விஷயத்துல இங்க மிச்சிகன்ல ஒரு பெரிய ஆபத்து இருக்கு, ஆஷ் மரம். 2002-ல டெட்ராய்ட் பக்கத்துலதான் ஆஷ் மரத்த கொல்ற அந்த பச்ச வண்ட இந்த நாட்டுல மொதல்ல கண்டுபுடிச்சாங்க, அதுக்கப்பறம் தெக்கு மிச்சிகன் பூரா ஆஷ் மரம் செத்து நிக்குது, இருட்டுல போனா நேரா வழவழன்னு ஏறுறதுக்குன்னே வளந்த மாதிரி தெரியும், உள்ள உளுத்துப் போயிருக்கும். அதுல கை வைக்காதீங்க. ஷாக்பார்க் ஹிக்கரியும் வேணாம், பட்டை கிழிஞ்ச பாய் மாதிரி தொங்கும், ஸ்டிக் நிக்காது. உயிரோட இருக்க ஓக், ஒரு அடி விட்டம், அது போதும். ஒயிட் ஓக் கெடச்சா இன்னும் நல்லது, அக்டோபர்ல அது காய் கொட்டும், கசப்பு கம்மி, மான் ரெட் ஓக் காய விட்டுட்டு இங்கதான் வரும். பகல்ல போய் மரம் பாத்து வச்சுட்டு வாங்க.

உயரம் 15லேர்ந்து 20 அடி, அதுக்கு மேல போறது வீரத்துக்குத்தான். ரொம்ப மேல போனா அம்பு மேலேர்ந்து செங்குத்தா எறங்கி மானோட ரெண்டு நுரையீரலையும் துளைக்காது. நீங்க வலது கைன்னா மான் வர்ற பாதை உங்க இடது பக்கம் இருக்குற மாதிரி மரத்துல எடம் புடிங்க. வலது பக்கம் வந்தா மரத்த சுத்தி திரும்பணும், பழகாத ஆளுக்கு வில்லோட கீழ் கேம் (வில்லு முனைல இருக்குற சக்கரம்) டெதர்லயே அடிக்கும். அதையும் அந்த ஒரு அடி ஒசரத்துலயே பழகிக்கோங்க. வில்ல முதுகுல மாட்டி ஏறாதீங்க, கீழேர்ந்து கயித்துல தூக்கிக்கலாம்.

காத்து, அது தனி கச்சேரி. ஒரு வரில சொன்னா, காலைல வெயில் ஏற ஏற நம்ம வாசம் மேல போகும், சாயங்காலம் குளிர குளிர கீழ பள்ளத்துல எறங்கும், மான் பள்ளத்துல வந்தா கத முடிஞ்சுது.

சென்னைவாசி_77:
ஏன் சார் இவ்ளோ கஷ்டம், தரைல ஒரு பிளைண்ட் (ஒளிஞ்சு உக்கார்ற மறைப்பு) போட்டு சேர்ல உக்காந்துக்கலாமே. அது போக மான் பாவம் இல்லையா? நம்ம ஊர்ல மான் மேல கை வச்சா ஜெயில்.

ஆன்_ஆர்பர்_அண்ணாச்சி:
நம்ம ஊர்ல 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டம், அது அங்க சரி. இங்க நெலம வேற சார், மிச்சிகன்ல மட்டும் வருஷத்துக்கு 50,000-க்கு மேல கார் மான் மோதல். டேக் (அனுமதிச் சீட்டு) வாங்கித்தான் அடிக்கணும், அடிச்சா 72 மணி நேரத்துல ஆன்லைன்ல சொல்லணும். 1937 சட்டப்படி வில்லு துப்பாக்கி தயாரிக்கிற கம்பெனிங்கட்ட புடிக்கிற வரி காட்டு விலங்குகளப் பாதுகாக்கத்தான் போகுது. பிளைண்ட் நல்ல யோசனைதான், எனக்கு முட்டி போனா நானும் அங்கதான்.

ஒன்டாரியோ_யாழ்ப்பாணத்தான்:
தம்பி, நான் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறன், ஒண்டு மட்டும் சொல்லுறன். ஒகஸ்ட் வெயிலில வெறுங்கையோட பழகிப்போட்டு நவம்பரில போய் நிக்காதேங்கோ. தடிச்ச கையுறை, தடிச்ச ஜக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு, லைட்டை நிப்பாட்டிப்போட்டு முடிச்சுப் போட்டுப் பாருங்கோ. ஜக்கெட் போட்டா சேடில் அளவே மாறும். போனை காற்சட்டைப் பையில வையாதேங்கோ, தொங்கேக்க கை எட்டாது, நெஞ்சுப் பையில வையுங்கோ. எங்க ஏறுறியள், எத்தினை மணிக்கு வருவியள் எண்டு வீட்டில சொல்லிப்போட்டுப் போங்கோ.

நோவி_மதுரக்காரன்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். புது கயிறு வாங்கிட்டேன். ஒரு அடி உயரத்துல தெனம் சாயங்காலம் அரை மணி நேரம், சேடில தொடைக்கு எறக்குனதும் இடுப்பு வலி பாதிக்கு மேல போச்சு. நேத்து கால ரெண்டையும் வேணும்னே பிளாட்ஃபார்ம்லேர்ந்து எடுத்து அந்தரத்துல தொங்கிப் பாத்தேன், அது ஏதோ பூட்டு தெறந்த மாதிரி, கால் நடுக்கம் நின்னு போச்சு. என் பொண்ணு வேற நான் எப்ப எறங்குவேன்னு கீழ வரிசைல நிக்குறா, ஊஞ்சல்னு நெனப்பு. அடுத்த வாரம் ஆறடி.

ஒரு சந்தேகம், ஸ்டிக்கோட ஸ்ட்ராப் பக்கிள் அலுமினியத்துல பட்டு கிணிங்னு மணி மாதிரி சத்தம் போடுது, காட்டுல அரை மைலுக்கு கேக்கும் போல. என்ன பண்றீங்க எல்லாரும்?

பனையேறி_பேரன்:
பழைய சைக்கிள் டியூப வெட்டி பக்கிள் படுற எடத்துல சுத்துங்க. காசு குடுத்து டேப் வாங்காதீங்க, மழைல உரிஞ்சு வருது.