மறு: 'ஸ்கில் சீலிங்' – கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். நம் சொற்பட்டியலுக்காக 'ஸ்கில் சீலிங்', அதாவது விளையாட்டில் திறன் எட்டக்கூடிய மேல் எல்லை, என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'சீலிங்' என்றால் உச்சவரம்பு என்பது தமிழில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. 'திறன் உச்சவரம்பு' என்றே வைத்துவிடலாமே?

நிலைத்தது உண்மை. ஆனால் அந்தச் சொல்லை ஊர்ப்புறம் வரை கொண்டுபோனது 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம். உச்சவரம்பு என்றதும் அரசு போட்ட கோடுதான் நினைவுக்கு வரும். அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியும், ஆனால் கூடாது என்பது அதன் பொருள். ஆட்டக்காரரின் திறனுக்கு அப்படி யாரும் வெளியிலிருந்து கோடு போடுவதில்லை. எனவே இந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. விளையாடுகிறவர்கள் 'சீலிங்' என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, ஒரு விளையாட்டைக் கற்றுக் கற்று எவ்வளவு தூரம் போக முடியும் என்பது. இரண்டு, ஓர் ஆளால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது. மூன்று, அவர் இப்போதைக்கு நின்றுவிட்ட இடம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே சொல்லுக்குள் கிடப்பதால்தான் பையன்கள் தேவையில்லாமல் மனம் உடைகிறார்கள். தமிழில் புதிதாகச் சொல் செய்யும்போதே இவற்றைப் பிரித்துவிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

என் அக்கா மகன் வாலரண்ட் என்ற இணையத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டை ஆடுகிறான். 'கோல்ட்' என்ற தரநிலையிலேயே நிற்கிறான். "பாதி ஜெயிக்கிறேன், பாதி தோக்கிறேன். இதுதான் மாமா என் சீலிங்" என்றான். பாதிக்குப் பாதி என்பது எதற்கும் சான்றாகாது. ஒத்த திறன் உள்ளவர்களை எதிரெதிரே நிறுத்துவதற்காகவே அந்த விளையாட்டில் எதிராளியைத் தேர்ந்து தரும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. இதன் வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அர்பாத் எலோ வகுத்த கணக்கை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி இருவர் ரேட்டிங்கும், அதாவது திறனைக் குறிக்கும் எண்ணும், சமமானால் எதிர்பார்ப்பு சரிபாதி. ரேட்டிங் 200 கூடுதலாக உள்ளவர், வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை என்ற கணக்கில், நூறு ஆட்டத்தில் ஏறக்குறைய 76 புள்ளி எடுப்பார். ஆகவே திறன் வளர்ந்தால் கடினமான எதிராளி வருவார், வெற்றி மீண்டும் பாதிக்கே வந்து நிற்கும். மேலும், ரேட்டிங் என்பது மற்றவர்களோடு ஒப்பிட்ட எண். எல்லோரும் சேர்ந்து முன்னேறினால் எண் அசையாது. ரேட்டிங் கோடு படுத்தேகிடக்கிறது என்பதால் திறனும் படுத்துவிட்டது என்று பொருளில்லை. ஐந்து பேர் அணியாக ஆடும் விளையாட்டில் தனி ஆளின் எண் இன்னும் கலங்கலாகவே இருக்கும்.

அவன் ஆட்டப் பதிவை உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு மூலையைத் திரும்பும்போதும் கிராஸ்ஹேர், அதாவது திரையில் குறிபார்க்கும் புள்ளி, தரையைப் பார்த்தபடி போகிறது. எதிரி தெரிந்த பிறகு தலை உயரத்துக்கு ஏற்றுகிறான். அந்த இடைவெளியில் செத்துப்போகிறான். கையின் வேகம் போதாமல் அவன் தோற்கவில்லை, திரும்பும் முன்பே குறியைத் தலை உயரத்தில் வைக்கும் பழக்கம் அவனுக்கு இன்னும் வரவில்லை. இப்படிப் பெயர் சொல்லிச் சுட்டக்கூடிய பிழை ஒன்று மிச்சமிருக்கும் வரை அது தேக்கம்தான். மூன்றாவது பொருளுக்கு நான் முன்வைக்கும் சொல்லும் அதுவே: திறன் தேக்கம். பதவி உயர்வில் தேக்கம், பொருளாதாரத் தேக்கம் என்று நாம் அன்றாடம் புழங்குவது. 'ஹார்ட்ஸ்டக்', அதாவது ஒரே தரநிலையில் மாட்டிக்கொண்டவர், ஆனவரைத் 'தேங்கியவர்' எனலாம்.

தேக்கம் பற்றிய பழைய ஆய்வு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1897-இல் பிரையன், ஹார்ட்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் தந்தி கற்றுக்கொள்பவர்களை ஆராய்ந்தார்கள். செய்தி அனுப்பும் வேகம் சீராக ஏறியது. கேட்டு எழுதும் வேகமோ ஏறி, நெடுநாள் அப்படியே நின்று, பிறகு மறுபடி ஏறியது. தனித்தனி எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்கியதோடு அந்த இரண்டாம் ஏற்றத்தை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தினார்கள். வெளியே எண் அசையாத காலத்தில் உள்ளே ஏதோ கூடிக்கொண்டிருந்திருக்கிறது. இதைத் 'திறன் உச்சவரம்பு' என்று அழைத்தால் எவ்வளவு தவறாகிவிடும்!

அப்படியானால் உண்மையான எல்லையே கிடையாதா? உண்டு. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தினர் ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினிப் போர் உத்தி விளையாட்டை ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அலசி 2014-இல் வெளியிட்டார்கள். புதிய காட்சியைப் பார்த்து முதல் செயலைச் செய்ய எடுக்கும் நேரம் 24 வயதிலிருந்தே நீளத் தொடங்குகிறது என்பது முடிவு. மூத்தவர்கள் எளிய உத்திகளால் அதை ஓரளவு ஈடுகட்டுவதற்கான அறிகுறிகளும் தெரிந்தன. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற அணி விளையாட்டில் 'ஃபேக்கர்' என்ற தென்கொரிய ஆட்டக்காரர் 2013-இல் தம் முதல் உலகப் பட்டம் வென்றார். 2023, 2024 இரண்டிலும் மறுபடி வென்றபோது அவர் இருபதுகளின் பின்பாதியில் இருந்தார். உடம்பு ஒரு பக்கம் குறைக்க, அறிவு மறுபக்கம் கூட்டுகிறது. எல்லை இருக்கிறது, ஆனால் அது நகர்கிறது.

இரண்டாவது பொருளான இந்த நகரும் எல்லைக்கு என்ன சொல்? திறனெட்டம் என்கிறேன். 'கைக்கு எட்டியது', 'கண்ணுக்கு எட்டிய தூரம்' என்பவற்றில் உள்ள அதே எட்டு. 'எட்டுமட்டு' என்றும் யோசித்தேன். படிப்பவர் எண் எட்டு என்று தடுக்கி விழுவார், விட்டுவிட்டேன். ஈழத்து நண்பர்கள் 'எட்டத்தில்' என்றால் தொலைவில் என்றுதானே பொருள் என்பார்கள். அந்தப் பொருளும் எனக்கு உவப்பே. எட்டம் அளக்கப்படுவது ஆடுபவரிடமிருந்து, தலைக்கு மேல் யாரோ கட்டிய தளத்திலிருந்து அல்ல.

திறனெட்டத்தை எப்படி இனங்காண்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் பார்ப்பது இதைத்தான்: தோற்ற ஆட்டத்தை மறுநாள் நிதானமாகப் பார்க்கும்போது தன் பிழை தனக்கே தெரிகிறதா? தெரிந்தால் அறிவு இருக்கிறது, பழக்கம் இல்லை, அது தேக்கம். பிழைகளைத் திருத்தி, பயிற்சி முறையையும் மாற்றி, நீண்ட காலம் ஆடிய பிறகும் மேலே உள்ளவரோடு அதே இடைவெளி நீடித்தால் அப்போது எட்டம் என்ற பேச்சை எடுக்கலாம். அதையும் மதிப்பீடாகத்தான் சொல்லலாம். லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் புதுக் கணக்கின் ரேட்டிங் 1500-இல் தொடங்கும்போது எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும், போதிய ஆட்டம் ஆடிய பிறகே அது நீங்கும். அந்த அடக்கம் நம் வரையறையிலும் இருக்கட்டும்.

> 'திறன் கூரை', 'திறன் தரை' என்று இணையாக வைத்தால் நினைவில் நிற்கும்.

இணை அழகுதான். ஆனால் 'ஸ்கில் ஃப்ளோர்' என்பது ஓர் ஆட்டத்தில் ஒப்பேற்றுவதற்கே தேவையான குறைந்தபட்சத் திறன். 'திறன் தரை' என்றால் அது யாருக்கும் புரியாது. நுழைதிறன் என்றால் கேட்டவுடன் புரியும். முதல் பொருளுக்கு, அதாவது விளையாட்டின் எல்லைக்கு, ஆட்ட ஆழம் என்போம். செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தை 2007-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு கணக்கிட்டுத் தீர்த்தது: இருபுறமும் பிழையின்றி ஆடினால் சமன். அதன் அடித்தளம் தெரிந்துவிட்டது. சதுரங்கத்தின் அடி இன்னும் யாருக்கும் தட்டுப்படவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. 'பீக் ரேட்டிங்', அதாவது ஒருவர் ஒருமுறையேனும் தொட்ட மிக உயர்ந்த எண். சதுரங்க வீரர் மாக்னஸ் கார்ல்சன் 2014-இல் தொட்ட 2882 போல. இதற்கு 'உச்சம்' போதும் என்று நினைக்கிறேன். தொட்ட உச்சமும் எட்டமும் ஒன்றல்ல என்பதைப் பதிவின் கீழ்க் குறிப்பில் சேர்க்க வேண்டும். சொற்பட்டியலில் இப்போது இருக்கும் 'திறன் உச்சவரம்பு' உள்ளீட்டை நீக்கி இந்த ஐந்தையும் ஏற்றலாமா? மறுப்பு உள்ளவர்கள், குறிப்பாக நாள்தோறும் ஆடுகிறவர்கள், மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.