அண்ணாந்து எடுத்த கட்டடம் பின்னால் விழுவதுபோல் தெரிகிறது: கிராப் செய்தால் சரியாகுமா?

கேள்வி
24 மெகாபிக்சல் கேமராவில் தெருக்களையும் பழைய கட்டடங்களையும் எடுக்கிறேன். உயரமான கட்டடம் என்றால் சுவர்கள் மேலே போகப்போகக் கூம்புகின்றன. தெருப் படத்திலோ மேலே வெறும் வானம், கீழே நிறுத்திய வண்டிகள், நடுவில் குட்டியாக ஓர் ஆள் நடந்து போகிறார். எப்படி வெட்டினாலும் படம் நிற்கவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1
முதலில் நிமிர்த்துங்கள், அப்புறம் வெட்டுங்கள். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்ததால் வந்த கூம்பல் அது, கிராப்பால் போகாது. எடிட்டிங் செயலியில் பெர்ஸ்பெக்டிவ் திருத்தம் இருக்கும். அதில் மேல்பகுதி விரிந்து, கீழ் மூலைகள் காலியாகும். அதையும் வெட்டித்தான் ஆகவேண்டும் என்பதால், எடுக்கும்போதே இருபுறமும் தாராளமாக இடம் விடுங்கள். ரொம்பவும் நிமிர்த்தினால் கட்டடத்தின் தலை பெருத்துவிடும். லேசான கூம்பல் இருந்தால் கண்ணுக்கு இயல்பாகவே இருக்கும்.

தெருப் படத்தில் அந்த ஆள்தானே விஷயம்? அவர் போகும் திசையில் இடம் விட்டு, முதுகுப் பக்கம் வெட்டுங்கள். வானத்தில் ஒன்றும் இல்லையென்றால் தயங்காமல் எடுத்துவிடலாம். ஆனால் கூரை விளிம்பு சட்டத்தை உரசிக்கொண்டு நிற்கக் கூடாது. கொஞ்சம் வானம் விடுங்கள், இல்லையென்றால் கூரைக்குக் கீழேயே துணிந்து வெட்டுங்கள்.

கேட்டவர்
வானமும் வண்டிகளும் போனால் நீளப் பட்டையாகிவிடுகிறது. 3:2 என்ற அகல-உயர விகிதத்தை விடலாமா? பிரிண்ட் தேறுமா?

பதில் 2
தாராளமாக விடலாம். தெருவுக்கு 16:9 நன்றாகவே பொருந்தும். வரிசையாக மாட்டப்போகும் படங்கள் என்றால் மட்டும் ஒரே விகிதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படம் 6000×4000 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், நீளத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் மிஞ்சுவது 3000×2000, அதாவது 6 மெகாபிக்சல்தான். அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 10 அங்குல அகலத்துக்குத் தாங்கும். இருட்டில் எடுத்ததென்றால் அவ்வளவு வெட்டாதீர்கள், நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான சொரசொரப்பு) சேர்ந்து பெரிதாகும்.

வண்டிகளுக்காக அவருடைய காலை வெட்டிவிடாதீர்கள். பாதமும் அதன் கீழே கொஞ்சம் தரையும் இருந்தால்தான் அவர் நடப்பது தெரியும். ஒரு வண்டி மிஞ்சினாலும் பரவாயில்லை.

கேட்டவர்
வெட்டிப் பார்த்தேன், ஆள் இப்போது பளிச்சென்று தெரிகிறார். வலது ஓரத்தில் பாதிக் கதவு ஒன்று நிற்கிறது. எடுத்துவிடவா?

பதில் 1
அவர் வலப்பக்கம்தானே போகிறார்? கதவு முழுதாகத் தெரியும்வரை சட்டத்தை நகர்த்துங்கள். அசல் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.